வாளியோடு நின்றது நான்தான்

சனிக்கிழமை எங்கள் ஊர் ஆர்கெஸ்ட்ராவின் (மேற்கத்திய இசை வாசிக்கும் பெரிய வாத்தியக் குழு) கச்சேரி இடைவேளையில், அதற்கு நன்கொடை கேட்டு அரங்க வாசலில் நீல வாளியோடு நின்றது நான்தான். போட்டோவில் முகம் சரியாகத் தெரியவில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். அந்த போட்டோவை நம்ம தமிழ் குரூப்பில் போட்டு "கோட்டு சூட்டுப் பிச்சை" என்று எழுதிய அண்ணனுக்கும், விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை வைத்த மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. கோபத்தில் எழுதவில்லை. சரி, கொஞ்சம் கோபம்தான்.

அது பிச்சை இல்லை.

டிக்கெட் காசில் மட்டும் ஆர்கெஸ்ட்ரா நடத்த முடியாது. பெரிய நகரங்களிலேயே டிக்கெட் வரவு பெரும்பாலும் செலவில் பாதியைத் தொடாது. எங்களுடையது இல்லினாயில் ஒரு சின்ன ஊர். வாசிப்பவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, ஒத்திகைக்கு இவ்வளவு, கச்சேரிக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. வியோலா (வயலினைவிடக் கொஞ்சம் பெரியது) வாசிக்கும் பெண் ஒருத்தி ஒத்திகை நாட்களில் எங்கள் வீட்டு மாடியறையில் தங்குகிறாள். பகலில் பள்ளிக்கூட டீச்சர், மாலையில் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வருவாள். ராத்திரி பதினொரு மணிக்கு என் ரசம் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே அடுப்பு மேடையில் விரலால் தட்டுவாள். என்ன தாளம் என்று கேட்டேன். "ஜூபா" என்றாள்.

அண்ணனின் அடுத்த கேலி இங்கேதான் வருகிறது. நாடு பிறந்து 250 வருஷம் ஆகிறதென்று சீசன் முழுக்க அமெரிக்க இசையே வைத்திருக்கிறோம் இல்லையா? "அமெரிக்காவுக்கு ஏது சொந்த இசை, எல்லாம் ஐரோப்பாக்காரன் போட்ட பிச்சை" என்கிறார். மறுபடியும் பிச்சை! அந்த வார்த்தை மேல் அவருக்கு அப்படி என்ன பிரியமோ.

அந்தக் காலத்து அமெரிக்காவில், கறுப்பின அடிமைகள் முரசு அடித்துக் கலகத்துக்குச் சேதி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து வெள்ளைக்காரர்கள் முரசைத் தடை செய்தார்கள். அடிமைகளோ தொடையிலும் மார்பிலும் தட்டித் தாளம் பிடித்தார்கள். அதுதான் ஜூபா. ஃபுளோரன்ஸ் பிரைஸ் என்ற கறுப்பினப் பெண் அதைத் தன் முதல் சிம்பொனிக்குள், அதாவது ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதிய நீண்ட இசைப் படைப்புக்குள், வைத்தார். 1933-ல் சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா அதை வாசித்தது. ஒரு கறுப்பினப் பெண் எழுதிய சிம்பொனியைப் பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒன்று வாசித்தது அதுதான் முதல் தடவை. அவர் போன பிறகு எத்தனையோ கையெழுத்துப் பிரதிகள் கேட்பாரற்றுக் கிடந்தன. 2009-ல்தான் செயின்ட் ஆன் என்ற ஊரில் பாழடைந்த ஒரு வீட்டிலிருந்து கட்டுக்கட்டாக எடுத்தார்கள். அந்த ஊர் இதே இல்லினாயில்தான் இருக்கிறது. இது யார் போட்ட பிச்சை அண்ணா?

"அரசாங்கம் தரட்டுமே" என்கிறார் இன்னொருவர். தரட்டும், வேண்டாம் என்றா சொன்னோம்? 2025 மே மாதம் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியிலிருந்து நாடு முழுக்க எத்தனையோ குழுக்களுக்கு ஒரே ஒரு ஈமெயில் போனது, உங்கள் மானியம் ரத்து என்று. அதற்கப்புறமும் இந்தக் கேள்வியா?

"இந்தக் காசை நம்ம ஊர் ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமே." நியாயமான கேள்விதான். கேட்டவர் போன வருஷம் எவ்வளவு கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை, பார்த்தீர்களா.

"அங்கே வருவதெல்லாம் வெள்ளைக்காரக் கிழடுகள்." முக்கால்வாசி உண்மை. அந்தக் கிழடுகளில் ஒரு பாட்டி சனிக்கிழமை, நாலாக மடித்த இருபது டாலரை வாளியில் போட்டுவிட்டு என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். காசு கொடுத்தவர் நன்றி சொல்கிறார்!

எங்கள் அம்மன் கொடைக்குத் தலைக்கட்டு வரி போட்டுத்தான் நாதஸ்வரம் வைப்பார்கள். அப்பா ரசீது புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்குவார். ஒருவரும் அவரைப் பிச்சைக்காரர் என்றதில்லை. அண்ணனும் அந்தப் பக்கம்தான். ஊரில் வரி, இங்கே பிச்சையா?

பதினோரு வருஷமாக இந்த குரூப்பின் பொங்கலுக்கு அண்டா கழுவுகிறேன். அதை யாரும் போட்டோ எடுத்ததில்லை, விடுங்கள். ஆனால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். போன நவம்பரில் அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் ப்ளூ' வாசித்தார்கள். அண்ணனின் மகள் பள்ளியில் கிளாரினெட் கற்கிறாள், அது கிளாரினெட்டில் தொடங்குகிற உருப்படி. அவளுக்கும் அவருக்குமாக இரண்டு டிக்கெட் என் காசில் வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கிளாரினெட் கீழிருந்து வழுக்கிக்கொண்டே உச்சிக்கு ஏறியபோது திரும்பிப் பார்த்தேன். என் பக்கத்து நாற்காலிகள் இரண்டும் காலி. ஒன்றில் என் கோட்டை வைத்தேன், இன்னொன்றில் கைப்பையை.