மாத்திரைதானே என்று இருந்துவிட்டோம்

சென்னை வியாசர்பாடியில் நாற்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். குடித்துவிட்டு வருபவனை எங்கள் தெரு நடையிலேயே கண்டுகொள்ளும். கஞ்சாவின் வாடையும் எங்களுக்குத் தெரியும். வலி மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பையனிடமோ வாடையும் இல்லை, தள்ளாட்டமும் இல்லை. இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஒரு தாய், மகன் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிவதை வயதுக்கோளாறு என்றே பல மாதங்கள் நினைத்திருந்தார்.

காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கும் வேலை அவனுக்கு. உடம்பு வலிக்கு என்று நண்பன் கொடுத்த ஒரு மாத்திரையில்தான் தொடங்கியது. கைதுச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் டேபென்டடால், பெயருக்கு வலி நிவாரணி என்றாலும், மூளையில் ஹெராயின் வேலை செய்யும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் கலந்திருக்கும் மாவுப்பொருள்கள் முழுமையாகக் கரையாமல் நரம்பைப் புண்ணாக்குகின்றன, நுரையீரலின் நுண்ணிய குழாய்களை அடைக்கின்றன. ஒரே ஊசி பல கை மாறும்போது எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி கிருமியும் கூடவே மாறுகின்றன. தொண்ணூறுகளில் பிரவுன் சுகர் என்ற மட்டரக ஹெராயினும், புப்ரெனார்பின் என்ற வலி நிவாரணி ஊசியும் இந்நகரத்து இளைஞர்களைச் சீரழித்ததைக் கண்ட தலைமுறை நாங்கள். (அதே புப்ரெனார்பின் இன்று, மருத்துவர் கண்காணிப்பில் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையாக, இப்பழக்கத்திலிருந்து மீட்கும் மருந்தாகவும் இருக்கிறது.) கண்டும் நாங்கள் கற்றது குறைவு.

மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் இருந்து, கன்னம் பூசினாற்போல் அவன் திரும்பியபோது தெருவே மகிழ்ந்தது. மிகப் பெரிய ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது என்பதை எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. விட்டிருந்த காலத்தில் உடல் தன் தாங்குதிறனை இழந்துவிடுகிறது. முன்பு சாதாரணமாக ஏற்றிய அளவே இப்போது மூச்சை நிறுத்தப் போதுமானது. பதினோராம் நாள் அதுவே நடந்தது. உடனிருந்தவர்கள் போலீசுக்குப் பயந்து, அவனை மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு ஓடிப்போனார்கள். நலாக்சோன் என்றொரு மாற்றுமருந்து உண்டு, நேரத்தோடு செலுத்தினால் நின்றுபோகும் மூச்சைத் திருப்பித் தரும். அது இருக்கும் இடத்துக்கு அவனைக் கொண்டுபோக ஆள் இல்லை. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டியவர்கள் கேட்டவர்களிடமெல்லாம் மாரடைப்பு என்றார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

இந்தப் பயத்தையும் மானக்கேட்டையும்தான் நான் மாத்திரைக்கு இணையான குற்றவாளியாகக் கருதுகிறேன். சிறு அளவு போதைப்பொருளுடன் பிடிபட்டவர்கூட, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சையை மேற்கொண்டால் வழக்கிலிருந்து விடுபடலாம் என்று போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு சொல்கிறது. ஆனால், மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி, சட்டவிரோதப் போதைக்கு அடிமையானவர்களில் இருபதில் ஒருவரே மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றிருக்கிறார். கைதுகள் தேவையில்லை என்று நான் வாதிடவில்லை. சீட்டில்லாமல் மாத்திரை விற்கும் கடைக்காரரிடம் எனக்கு இரக்கமும் இல்லை. ஊசி போட்டுக்கொள்பவனையும் விற்பவனையும் ஒரே பார்வையில் பார்ப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

அடுத்த வாரம் எங்கள் தெருவுக்கு இன்னொரு பையன் மையத்திலிருந்து வருகிறான். நேற்று அவன் தந்தையிடம் போய், முதல் சில வாரங்கள் அவனைத் தனியே விடவேண்டாம் என்றும், மூச்சு மந்தமானால் ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108ஐ அழைக்கவேண்டும் என்றும், ஆலோசனைக்கு 14446 என்ற எண் இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் முதலில் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் கேட்டார்.