கலந்துவிட்டால் திரும்பாது

தண்ணீர், உலோகம், கண்ணாடி, காகிதம் மறுசுழற்சி ஆகும். நிலக்கரி, பெட்ரோல் ஆகாது. பள்ளிப் பாடம் இந்த இரண்டு பட்டியலோடு நின்றுவிடுகிறது. எனக்கு அது போதவில்லை. ஒரு பொருள் திரும்பி வருமா என்பதில் பாதி அதன் குணம். மீதி, அதோடு நாம் எதைச் சேர்த்தோம் என்பது.

எரிந்தது திரும்பாது, அதில் சந்தேகமில்லை. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் மிஞ்சும் சாம்பல் சிமென்ட்டுக்கும் சாம்பல் கல்லுக்கும் போகும், அவ்வளவுதான். சூளையில் வெந்த மண்ணையும் இதோடு சேர்க்க வேண்டும். 500, 600 டிகிரியைத் தாண்டியதும் களிமண்ணின் கட்டமைப்புக்குள் பிணைந்திருக்கும் நீர் வெளியேறிவிடுகிறது. அதற்குப் பிறகு செங்கல்லை இடித்துப் பொடியாக்கி ஊறவைத்தாலும் வயல் மண் கிடைக்காது. "மண்தானே" என்று மேல்மண்ணைச் சூளைக்கு விற்பது நிலக்கரியை எரிப்பதற்குச் சமம்.

உலோகத்துக்கு வருவோம். ஒரு டன் அலுமினியம் எடுக்கச் சுமார் 4 டன் பாக்சைட்டும் 13,000 முதல் 15,000 யூனிட் மின்சாரமும் வேண்டும். பழைய பாத்திரத்தை உருக்கி எடுத்தால் அந்த ஆற்றலில் ஏறக்குறைய 5 சதவீதம் போதும். ஆனால் இரும்புத் திருகாணியைக் கழற்றாமல் உலையில் போட்டால் இரும்பு கரைந்து உள்ளே தங்கிவிடும்; உலோகம் நொறுங்கும் தன்மை பெறும். எஃகுக்கு எதிரி செம்பு. மோட்டாரைக் காயில் கம்பியோடு அப்படியே உருக்கினால் அந்தச் செம்பு ஆக்சைடாகிக் கசடோடு போகாமல் எஃகிலேயே நின்றுவிடுகிறது. 0.2, 0.3 சதவீதம் ஆனாலே சூட்டில் உருட்டும்போது மேல்பரப்பு வெடிக்கும். காயலான் கடையில் உட்கார்ந்து செம்பைத் தனியே உரிப்பவர் செய்கிற வேலையை எந்த உலையாலும் செய்ய முடியாது. அந்த உழைப்புக்கு நாம் கொடுக்கும் மதிப்பு மிகக் குறைவு.

கான்கிரீட் இடிபாட்டை உடைத்து ஜல்லியாக்கலாம். 2016இன் ஐ.எஸ். 383 தரநிலை, எம்25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில், போடும் ஜல்லியில் 20 சதவீதம் வரை அதை அனுமதிக்கிறது. ஒட்டியிருக்கும் பழைய சிமென்ட் தண்ணீரை உறிஞ்சும், அதனால்தான் இந்த வரம்பு. கான்கிரீட்டில் கலந்த ஆற்று மணல் மட்டும் மணலாகத் திரும்புவதில்லை.

என்னை அதிகம் உறுத்துவது திருப்பூர். 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற முறைக்கு ஊர் மாறியது. உயிரியல் சுத்திகரிப்பு, பிறகு வடிகட்டல், உப்பைப் பிரிக்கும் பல கட்ட ஆர்.ஓ. சவ்வு, கடைசியில் ஆவியாக்கி. தண்ணீரில் பெரும்பங்கு மறுபடியும் சாயமேற்றவே திரும்பிவிடுகிறது. இது பெரிய சாதனை.

சிக்கல் உப்பில். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் உப்பு போடுகிறார்கள். சாயத்தைப் பருத்தி பக்கம் தள்ளுவதுதான் அதன் வேலை; அது தீர்ந்துபோவதில்லை, முழுவதும் கழிவுநீரில் இறங்குகிறது. எல்லாப் பட்டறையும் சோடியம் சல்பேட் என்ற உப்பை மட்டும் போட்டால், ஆர்.ஓ.வில் மிஞ்சும் உப்புக் கரைசலைக் குளிரவைத்தாலே அது படிகமாக இறங்கும், மறுபடி பயன்படுத்தலாம். சில பட்டறைகள் விலை மலிவென்று சாதா உப்பைப் போடும்போது, குளிரவைத்தாலும் அது கரைசலிலேயே நின்றுவிடுகிறது. அதோடு நிலத்தடி நீரின் கடினத்தன்மையும் மீந்த சாயமும் சேர்ந்து, கடைசியில் வருவது எதற்கும் உதவாத கலப்பு உப்பு. மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்குகிறார்கள். கூரை ஒழுகினால் அது கரைந்து, நொய்யல் ஆற்றுக்கு வர விடாமல் தடுத்த அதே உப்பு மண்ணில் இறங்கும்.

ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்தில் இணைந்த பட்டறைகள் அத்தனையும் ஒரே உப்பைத்தான் வாங்க வேண்டும். உப்புக் கொள்முதல் ரசீதை நிலையமே மாதாமாதம் சரிபார்க்க வேண்டும். மீறுகிற பட்டறையின் கழிவுநீரை அந்த மாதம் ஏற்கக் கூடாது.