வன்னிக்குத் தடயவியல் நிலையம்: எதைப் பார்த்துச் செய்வது?

வன்னிக்கு ஏன் தனியாக ஒரு தடயவியல் நிலையம் என்று கேட்பவர்கள் மன்னாரையும் கொக்குத்தொடுவாயையும் ஒருக்கா நினைக்கட்டும். 2018இல் தொடங்கி மன்னார் சதொச (அரச விற்பனை நிலையம்) வளவில் கிண்டியெடுத்தவை முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். காலக்கணிப்புக்கு மாதிரிகள் அமெரிக்கா வரை போயின. 2023இல் முல்லைத்தீவுக் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க்குழாய் பதிக்க வெட்டிய இடத்தில் அடுத்த புதைகுழி. வேண்டும் என்பதில் வாதமே இல்லை. எப்படிக் கட்டுவது என்பதில்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

நிலநடுக்கத்துக்குப் பேர்போன சான் பிரான்சிஸ்கோவைப் பாருங்கள். அங்கே 2014இல் மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்ட 400 மில்லியன் டொலர் கடன் பத்திரத்தில் மரண விசாரணை மருத்துவ நிலையத்துக்கும் பங்கு இருந்தது. நிலம் அதிர்ந்த அன்றைக்கே பிரேதங்கள் வந்து சேரும், அன்றைக்கே வேலை நடக்க வேண்டும் என்பது அங்கே கணக்கு. தூண் தாங்கினாலும் உள்ளே இருப்பவை காலை வாரும். மாதிரிகள் வைக்கிற மைனஸ் 80 பாகை உறைகுளிர்ப் பெட்டி சில்லில் நிற்பது. சில்லைப் பூட்டினால் காணாது. மேற்பக்கத்தையும் பட்டி போட்டுச் சுவரோடு இறுக்க வேண்டும், அதுவும் சாந்துப் பூச்சில் இல்லை, உள்ளே இருக்கிற கொங்கிறீற்றில். சுருள்வில்லில் நிற்கும் ஜெனரேற்றர் துள்ளி விலகாமல் நாலு பக்கமும் தடுப்பு, எண்ணெய்க் குழாயில் வளையும் மூட்டு. சான்றுப் பெட்டிகள் அடுக்குகிற தட்டுகளுக்கு நிலத்திலும் தலையிலும் பூட்டு, ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் குறுக்குக் கம்பி. இரண்டு பெட்டி விழுந்து எலும்பு கலந்துவிட்டால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு வேறொன்றும் தேவையில்லை.

வன்னியில் அந்தளவு நிலநடுக்கம் இல்லை, சரி. அத்திவாரத்தில் ரப்பர் தாங்கி வைக்கிற செலவு எங்களுக்கு வீண். எங்கட எதிரி தண்ணியும் மண்ணும். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட பாடு தெரியும்தானே. ஜெனரேற்றரும் மின்பலகையும் அந்த வெள்ள மட்டத்துக்கு மேலே ஏற வேண்டும். முருங்கன் பக்கத்துக் களிமண் மாரியில் ஊதும், கோடையில் வெடிக்கும். நிலத்துக்குக் கீழே போகும் கழிவுக்குழாய் மூட்டோடு விட்டுவிடும். அதிர்ச்சிக்கு அங்கே போடுகிற அதே வளையும் மூட்டு இங்கே களிமண்ணுக்கு உதவும். சுவர் வெடித்தால் இன்னும் மோசம். உடற்கூற்றறையில் மணிக்கு 12 தடவை காற்று மாறி நேரே வெளியே போக வேண்டும், அழுத்தம் பக்கத்து நடைவழியை விடக் குறைவாக இருக்க வேண்டும். வெடிப்பால் காற்று இழுபட்டால் அந்த அழுத்தம் நிற்காது. விசிறி நிற்கிற நேரம் நாற்றமும் கிருமியும் அலுவலகத்துக்குத்தான் வரும்.

பட்டி, பூட்டு, மூட்டு எல்லாம் மொத்தச் செலவில் சின்னத் துண்டு. ஆனால் கேள்விப்பத்திரத்தில் தனித்தனி வரியாக விலையோடு வராவிட்டால் ஒப்பந்தக்காரர் போடமாட்டார். கையேற்கிற நாளில் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். உறைகுளிர்ப் பெட்டிகள் அத்தனையும் ஓடும்போது ஜெனரேற்றர் சுமை எடுக்கிறதா என்று பாருங்கள். நாடா வெட்டுறது அதுக்குப் பிறகு.