அடுக்கு மட்டும் பகா எண்ணானால் போதாது
மெர்சென் பகா எண்கள் (2ஐத் தன்னாலேயே பலமுறை பெருக்கி, 1ஐக் கழித்தால் வரும் பகா எண்கள்) பற்றிய நல்ல கட்டுரை, ஆனால் ஒரு திருத்தம். 2இன் அடுக்கு பகா எண்ணாக இருந்தால், 1ஐக் கழித்து வருவதும் பகா எண்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுக்கு 11லேயே இது உடைந்துவிடும்: 2^11 − 1 = 2047 = 23 × 89. அடுக்கு பகா எண்ணாக இருப்பது அவசியம்தான், போதுமானதல்ல. அதனால்தான் அப்படி வரும் எண் பகா எண்ணா என்று பார்க்க லூகாஸ்-லேமர் சோதனை தேவைப்படுகிறது.

2024 அக்டோபரில் கண்டுபிடித்த மெர்சென் பகா எண்ணின் அடுக்கு 13,62,79,841. மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள்! ஆனால் கடைசி இலக்கத்தைச் சொல்ல கணினியே வேண்டாம். 2ஐ மேலும் மேலும் 2ஆல் பெருக்கினால் வரும் எண்கள் 2, 4, 8, 6 என்றே மாறிமாறி முடியும். இந்த அடுக்கை 4ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே 2இல் முடியும். ஒன்றைக் கழித்தால் கடைசி இலக்கம் 1. இரும எண்ணாக எழுதினாலோ இன்னும் வேடிக்கை, சுழியமே கிடையாது, அத்தனையும் ஒன்றுகள்தான்.

இதை 52ஆவது மெர்சென் பகா எண் என்று எழுதியிருப்பதை மட்டும் ‘இதுவரை அறியப்பட்டதில் 52ஆவது’ என்று மாற்றிவிடுங்கள். இடையில் வேறொன்று ஒளிந்திருக்கலாம்.