ஏட்ரியனின் நேர்த்தி கோட்டுகளில்தான்
எம்ஜிஎம் திரைப்பட ஸ்டுடியோவை விட்டதோடு ஹாலிவுட் ஆடை வடிவமைப்பாளர் ஏட்ரியனின் பொற்காலம் முடிந்தது என்று அவரைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்வது சரியாகப் படவில்லை. 1942-ல் அவர் பெவர்லி ஹில்ஸில் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1952-ல் மாரடைப்பு வந்து மூடும்வரை அங்கே தைத்த கம்பளி சூட்டுகளைப் பார்த்தால்தான் அவருடைய கைவண்ணம் புரியும். போர்க்காலத் துணிக் கட்டுப்பாட்டில் பாவாடையின் அடிமடிப்பு 2 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. அலங்காரத்துக்கென்று துணியை வீணாக்கவும் வழியில்லை. அதனால் துணியிலிருந்த கோடுகளையே திருப்பி வெட்டி அலங்காரமாக்கினார். சொல்வது சுலபம். துணியை இரட்டையாக மடித்து வெட்டினால் அடியில் இருப்பது நழுவிவிடும். ஒற்றையாக விரித்து, முதல் துண்டை மேலே வைத்துத்தான் அடுத்ததை வெட்ட வேண்டும். கோடுகள் சேர வேண்டியது தையல் விழும் இடத்தில், வெட்டிய ஓரத்தில் அல்ல; பலர் கோட்டை விடுவது இங்கேதான். மூலைவாட்டில் வெட்டிய கம்பளி இழுபடும் என்பதால் ஓரத்தில் நாடா வைத்துப் பிடிக்காவிட்டால் கோடு நெளிந்துவிடும். தோளை அகலமாகக் காட்ட உடைக்குள் வைக்கும் தோள் பஞ்சைப் பற்றி இன்னொரு வாசகர் எழுதியிருந்தார். அவருக்கு: 1932-ல் நடிகை ஜோன் கிராஃபோர்டுக்கு ஏட்ரியன் தைத்த புகழ்பெற்ற வெள்ளை உடையில் தோளை அகலமாக்கிக் காட்டியது சுருக்கு வைத்த கைகள், பஞ்சு அல்ல.