தம்பியாக இன்னொருத்தர் வரட்டும்

வெற்றிமாறனின் வட சென்னை படத்துக்கு இரண்டாம் பாகம் வந்தால், டேனியல் பாலாஜி செய்த தம்பி பாத்திரத்துக்கு வேறு நடிகரைப் போட வேண்டும். இதைச் சொன்னதற்கு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கேரம் கிளப்பில் பசங்க சண்டைக்கே வந்துவிட்டார்கள். அங்கே முழுதாகச் சொல்ல விடவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

டேனியல் பாலாஜி இறந்தது 2024 மார்ச் 29. மாரடைப்பு, வயது 48. சித்தி சீரியலில் டேனியல் என்று ஒரு வேஷம் கட்டினார், அந்தப் பெயர் கடைசிவரைக்கும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. வேட்டையாடு விளையாடு படத்தில் அமுதன், பொல்லாதவன் படத்தில் ரவி, இரண்டையும் பார்த்தவர்களுக்கு அவர் முகம் வந்தாலே வயிற்றைக் கலக்கும். அப்படிப்பட்டவருக்கு 2018இல் வெற்றிமாறன் கொடுத்தது நேர் எதிரான ஆள். படத்தில் ஏரியாவுக்கே தலைவன் மாதிரி இருக்கிற ராஜனின் கொலையில் கை நனைக்காதவன் தம்பி. கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்களே வெட்டுகிற கதையில் அந்தப் பக்கம் சேராமல் நின்றவன். எங்கள் ஏரியாவில் இந்த மாதிரி ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். தெருவில் பிரச்சினை என்றால் சத்தம் போடாமல் வந்து ஓரமாக நிற்பார்கள், கைலியை மடித்துக் கட்டக்கூட மாட்டார்கள், அவர்கள் வந்து நின்றதுமே பாதி சத்தம் அடங்கிவிடும். டேனியல் பாலாஜி அதைப் பிடித்திருந்தார். அதனால்தான் இந்தப் பசங்களுக்கு இவ்வளவு கோபம் வருகிறது, அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு.

கிளப்பில் இருபது வயசுப் பையன் ஒருத்தன், போர்டில் பவுடரைத் தட்டி உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே, நிமிராமல் சொன்னான். "தம்பின்னா அவர்தாண்ணா. வேற யாரு வந்தாலும் ஒத்துக்க மாட்டோம். ஏஐல கொண்டாந்துடலாம். கேப்டனையே கொண்டாந்தாங்க இல்ல?" சுற்றி நின்ற நாலு பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

கேப்டனைக் கொண்டுவந்தபோது நானும் விசில் அடித்தவன்தான். கோட் படம் வந்தது 2024 செப்டம்பர், விஜயகாந்த் போய் ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. குடும்பத்தின் சம்மதத்தோடு செய்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் விசில் அடங்கிய பிறகு எனக்கு மனசு கனத்துவிட்டது. அவர் இறுதி ஊர்வலத்துக்கு இங்கிருந்து எத்தனை பேர் போனோம். அந்த முகம் அசைகிறது, ஆனால் அந்த அசைவில் அவர் இல்லை.

அதே வருஷம் ஜூலையில் இந்தியன் 2. அதில் நடித்த விவேக் 2021 ஏப்ரலில் போனார், நெடுமுடி வேணு அதே வருஷம் அக்டோபரில். பாதியில் நின்ற படம், எடுத்த காட்சிகளை வீணாக்க மனம் வந்திருக்காது, புரிகிறது. ஆனால் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உயரம், உடம்பு வாகு எல்லாம் ஒத்துவருகிற ஒருத்தரை வைத்து எடுக்கிறார்கள். அவர் நடக்கிறார், திரும்புகிறார், கையை ஆட்டுகிறார். அப்புறம் அவர் முகத்தின் மேல் போனவர் முகத்தை கிராபிக்ஸில் ஏற்றுகிறார்கள். அதாவது அங்கேயும் நடிப்பது இன்னொருத்தர்தான்! கால் கடுக்க நின்றவர் அவர், படம் பார்க்கிற யாருக்கும் அவர் யார் என்று தெரியாது. வேறு ஆளே வேண்டாம் என்று சொல்கிற தம்பிமார்களுக்கு நான் கேட்பது இதுதான்: எப்படியும் ஒரு ஆள் வந்து நிற்கப் போகிறார் என்றால் அவர் முகத்தை ஏன் மறைக்க வேண்டும்?

இன்னொன்று. டேனியல் பாலாஜி நடிப்பைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் முதலில் சொல்வது அந்தக் கண்ணைத்தான். அவர் இறந்ததும் அந்தக் கண்களைத் தானம் செய்துவிட்டார்கள். அதைக் கம்ப்யூட்டரில் செய்து ஒட்டப் போகிறோம் என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது.

இந்த விஷயத்தில் சினிமாவைவிட சீரியல்காரர்கள் நேர்மையானவர்கள். "இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு வரி, அவ்வளவுதான், அடுத்த சீன் ஆரம்பித்துவிடும். எதிர்நீச்சல் ஓடிய காலத்தில் எங்கள் வீட்டில் ராத்திரி ஒன்பதரைக்கு யாரும் அம்மாவிடம் பேச முடியாது. மாரிமுத்து செய்த ஆதி குணசேகரனைத் திட்டிக்கொண்டே பார்ப்பார். மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று அதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருக்கும்போது நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். அன்று அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. சில வாரம் கழித்து குணசேகரனாக வேல ராமமூர்த்தி வந்தார். எழுத்தாளர், கிடாரியில் எல்லாம் பார்த்த முகம். அம்மாவுக்கு ஏறவே இல்லை. "இவரு பெரிய மனுஷன் மாதிரி இருக்காரு, அவன் வேற" என்று சொல்லி டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஒரு மாதம் இருக்கும், ஒரு நாள் அடுப்படியில் இருந்து குரல்: "டேய், குணசேகரன் வந்துட்டானா?" வந்துட்டான்மா என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, பழையபடி திட்ட ஆரம்பித்தார். மாரிமுத்துவை மறந்துவிட்டாரா என்றால் இல்லை. இன்றைக்கும் போனில் அவர் வீடியோ வந்தால் தள்ளிவிடாமல் முழுதாகப் பார்ப்பார்.

வெளிநாட்டில் இதெல்லாம் புதிதே இல்லை. ஹாரி பாட்டர் படங்களில் ரிச்சர்ட் ஹாரிஸ் 2002இல் இறந்த பிறகு டம்பிள்டோராக மைக்கேல் காம்பன் வந்தார், அடுத்த ஆறு படமும் அவர்தான். என் அக்கா பையனுக்கு டம்பிள்டோர் என்றால் காம்பன் முகம்தான். எங்கள் ராஜனையே எடுத்துக்கொள்ளுங்கள், அந்த வேஷம் முதலில் விஜய் சேதுபதிக்குப் போனது, தேதி ஒத்துவராமல்தான் அமீரிடம் வந்தது. இன்றைக்கு அமீர் இல்லாத ராஜனை யாராவது நினைத்துப் பார்க்க முடியுமா?

எல்லாப் பாத்திரத்துக்கும் மாற்று ஆள் போட்டே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சாட்விக் போஸ்மேன் போன பிறகு பிளாக் பாந்தர் இரண்டாம் பாகத்தில் அவர் செய்த ராஜா டி சாலாவாக வேறு யாரையும் போடவில்லை, அந்த ராஜாவும் இறந்துவிட்டதாகவே கதையை ஆரம்பித்தார்கள். படமே ஒரு துக்க வீடு மாதிரி இருந்தது, அது சரிதான். ஆனால் தம்பியை அப்படி ஒரு வரியில் சாகடித்துவிட முடியாது. ராஜன் மனைவி சந்திரா இருக்கிறாள், கதாநாயகன் அன்பு இருக்கிறான், இந்த இரண்டு பேரையும் சுற்றி நடக்கப் போகிறவற்றுக்கு நடுவில் பழையதெல்லாம் தெரிந்த ஒருத்தன் நின்றாக வேண்டும்.

சந்திரமுகி 2 ஓடவில்லையே என்று ஒருத்தன் கேட்டான். லாரன்ஸ் வந்ததால் அது கெட்டது என்று நான் நினைக்கவில்லை. 2005இல் ரஜினி செய்த வேட்டையனை மனசில் வைத்துக்கொண்டே அவரை நிற்க வைத்தார்கள், அதுதான் இடித்தது.

எப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சின்ன வயசிலேயே பார்த்துவிட்டேன். காசிமேட்டுப் பக்கம் எங்கள் தெருவில் தவக்காலத்தில் பாஸ்கா நாடகம், அதாவது இயேசு சிலுவை சுமந்து இறந்த கதையை, போடுவார்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஒரே ஆள்தான் இயேசு, விசைப்படகில் இன்ஜின் வேலை பார்க்கிறவர். ஒரு வருஷம் படகில் விழுந்து இடுப்பில் அடி, நடக்கவே கஷ்டம். ஐஸ் கம்பெனியில் வேலை செய்த ஒரு பையனைப் பிடித்தார்கள். ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை, இவனா இயேசு என்று முணுமுணுப்பு. நாடகத்தன்று பழையவர் மேடைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, தான் முடைந்த முள்முடியை அந்தப் பையன் தலையில் வைத்து, நெற்றியில் குத்துகிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். சிலுவையைத் தூக்கும்போது, "தோள் நுனில வெக்காத, கழுத்தாண்ட கொண்டாந்து வெச்சிக்கோ, இல்லன்னா நாளைக்கு கையத் தூக்க முடியாது" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, இந்த மாதிரி நட, இந்த மாதிரி அழு என்று எதுவும் இல்லை. மூன்றாவது தடவை அந்தப் பையன் கீழே விழுந்தபோது முன் வரிசையில் இருந்த ஆயாக்கள் எல்லாம் வாய்விட்டு அழுதார்கள். பழையவரும் பின்னால் அழுதுகொண்டிருந்தார், நான் பார்த்தேன்.

வெற்றிமாறன் சாருக்கு இந்தப் பதிவு போய்ச் சேருமா தெரியாது. சேர்ந்தால் இரண்டே விஷயம் சார். படம் ஆரம்பிக்கும் முன் டேனியல் பாலாஜி படத்தைப் போட்டு, இவருக்குப் பதில் இவர் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். புதிதாக வருகிற நடிகரை டேனியல் பாலாஜி மாதிரி கண்ணால் பார்க்கச் சொல்லாதீர்கள், தனக்கு வருகிற மாதிரி பார்க்கட்டும்.

கிளப்பில் அன்றைக்கு ஷட்டர் இறக்கும் நேரத்தில் அந்தப் பவுடர் பையன் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றான். "சரிண்ணா, அப்ப யாரைப் போடலாம், நீயே சொல்லு" என்றான். நான் ஒரு பெயர் சொன்னேன், அவன் ஒரு பெயர் சொன்னான். போர்டை மூடி வைத்துவிட்டு ரோட்டில் நின்று இன்னும் ஒரு மணி நேரம் பேசினோம்.