ஊதாரி மகனை அப்பா வேலைக்காரனாக வைத்தாரா?

“திரும்பி வந்த ஊதாரி மகனை அப்பா முதலில் வேலைக்காரர்களோடு வைத்துச் சோதித்தார், அவன் திருந்திய பிறகே மன்னித்தார்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இயேசு சொன்ன இந்தக் கதை இருக்கும் பைபிளின் லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் அப்படி எதுவும் இல்லை. கூலிக்காரனாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்போம் என்று, சொத்தையெல்லாம் அழித்துவிட்டுப் பன்றி மேய்த்த இடத்திலேயே முடிவு செய்தவன் மகன்தான். ஆனால் தூரத்தில் கண்டதுமே அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு முத்தமிட்டுவிட்டார். ‘பாவம் செய்தேன்’ என்றவன் கூலிப் பேச்சை எடுப்பதற்குள் நல்ல உடை, மோதிரம், செருப்பு எல்லாம் கொண்டுவரச் சொல்லியாகிவிட்டது. வாசலில் விசாரணையே நடக்கவில்லை!

சரி, வேலைக்காரக் கதை எங்கிருந்து வந்தது? பௌத்தர்களின் தாமரை சூத்திரம், 4-ஆம் அத்தியாயத்தில், ஓடிப்போன மகன் அப்பா வீட்டிலேயே அவரை அடையாளம் தெரியாமல் 20 ஆண்டுகள் கழிவு அள்ளுகிறான். இரண்டையும் யாரோ கலந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அந்த அப்பாவும்கூடத் தண்டிக்க நினைக்கவில்லை. மிரண்ட பிள்ளை மெல்லப் பழகட்டும் என்றுதான் அப்படிச் செய்தார்.